ஆவாரம்பூவுக்குக் களை என்று பெயரா?

ஐயா,

ஞாயிற்றுக்கிழமை இதழில் எங்கள் ஊர்க் கண்மாயின் படம் பார்த்தேன். கரை நெடுக ஆவாரை மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. அடியில் நீங்கள் போட்ட வரி: 'களைகள் மண்டிக் கிடக்கும் கண்மாய்க் கரை'. 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்பது உங்கள் ஆசிரியர் குழுவுக்குத் தெரியாததா? அந்த வரியை எழுதிய அன்று எல்லோரும் விடுமுறையில் இருந்திருப்பார்கள்.

களை என்றால் பயிரோடு போட்டி போடுவது. கரையில் என்ன நாற்றா நட்டிருக்கிறது? மண்ணைப் பிடித்து வைத்திருப்பதே அந்த வேர்தான். பக்கத்து ஊரில் 'அழகுபடுத்துகிறோம்' என்று பொக்லைன் விட்டு வழித்தெடுத்தார்கள். சிமெண்ட் பெஞ்சு போட்டார்கள். அந்த ஐப்பசி மழையிலேயே கரை நாலு இடத்தில் அரித்துவிட்டது. அந்தப் பணியையும் நீங்கள் பாராட்டித்தான் எழுதினீர்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்ட, சிறுபீளையும் வேப்பிலையும் சேர்த்துக் கட்டிய வாடிய ஆவாரம்பூவை அவ்வூர்க்காரர்கள் சந்தையில் இருபது ரூபாய் கொடுத்து வாங்கினார்கள்.

இருபத்தெட்டு ஆண்டுகள் சைக்கிளில் தபால் கொண்டுபோனவன் நான். மாதம் தெரிய நாள்காட்டி வேண்டியிருக்கவில்லை. கல்யாண முருங்கை சிவந்து சூறைக்குருவிகள் கூட்டமாக இறங்கினால் மாசி. சக்கரத்தின் கீழ் புங்கம்பூ பொரியாக நசுங்கினால் பங்குனி தாண்டுகிறது. கொன்றை தொங்கினால் சித்திரை. மழை விழுந்ததும் தும்பை. கார்த்திகையில் வேலியெங்கும் கண்வலிப்பூ. போன வாரம் இதே கரையில் ஆவாரை இலையின் நடுநரம்போடு நீளவாக்கில் ஒட்டிக் கிடந்த பச்சைப் புழுவைப் பேத்திக்குக் காட்டினேன். அது அசைந்து இலை விளிம்பைக் கடிக்கும்வரை, தாத்தா ஏமாற்றுகிறார் என்றே நினைத்தாள்.

ஜப்பானில் செர்ரி பூத்தால் உங்களுக்கு அரைப்பக்கம், வண்ணத்தில். ஸ்ரீநகரில் துலிப் தோட்டம் திறந்தால் முதல் பக்கம். பூக்கட்டும், நல்லதுதான். நம் ஊரில் பூப்பதற்கு மட்டும் விசா கிடைக்கவில்லை போலும். இதைப் பற்றி முன்பே இரண்டு கடிதங்கள் எழுதினேன். தபாலில் தவறிவிட்டது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தத் தொழில் எனக்குத் தெரியும்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஏதாவது ஒரு மூலையில், 'படத்தில் இருந்தது ஆவாரம்பூ' என்று ஒரு வரி திருத்தம் போடுங்கள். எங்கள் கரைக்கும் பொக்லைன் வந்து சேர்வதற்குள் போட்டால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
சிவகங்கை மாவட்டம்