ஆனைமுடியில் இன்னோர் உயிரும் இருக்கிறது: இரு மாநில வனத்துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கேரள, தமிழ்நாட்டு வனத்துறை உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். 2025-இல் இரு மாநிலங்களும் சேர்ந்து வரையாடுகளைக் கணக்கெடுத்து 2,668 என்று அறிவித்தபோது, மூணாறு மலையில் வளர்ந்தவன் என்ற முறையில் மனம் நிறைந்தேன். அதே வரையாடு மேயும் இரவிகுளம் தேசியப் பூங்காவில், ஆனைமுடியின் உச்சிப் புல்வெளியில் வாழும் ஒரு தவளைக்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

2010-இல் அறிவியலுக்கு அறிமுகமான அந்தச் செம்மஞ்சள் நிறப் புதர்த்தவளையின் பெயர் ராவோர்கெஸ்டிஸ் ரெஸ்பிளெண்டென்ஸ். அப்போது அறியப்பட்ட அதன் வாழிடம் 3 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு.

முதுகெலும்பிகள் என்பதற்கு அப்பால் வரையாட்டுக்கும் இத்தவளைக்கும் நெருங்கிய உறவில்லை. வரையாடு மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த பாலூட்டி. இமயமலை வரையாட்டோடு ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த அதனை மரபணு ஆய்வு பிரித்தெடுத்து, 2005-இல் நீல்கிரிட்ராகஸ் என்ற தனிப் பேரினத்தின் ஒரே இனமாக்கியது. தவளையோ ராக்கோபோரிடே குடும்பத்து நீர்நில வாழ்வி, தவளை ஆய்வாளர் சி. ஆர். நாராயண ராவின் பெயரைத் தாங்கிய அதன் பேரினத்தில் உடன்பிறப்புகள் பல உண்டு. இப்பேரினத்தில் நீந்தித் திரியும் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை, முட்டையிலிருந்து குட்டித் தவளையாகவே வெளிவரும் என்பதால், குளத்தையோ ஓடையையோ காத்துவிட்டால் போதும் என்று இருந்துவிட முடியாது; ஈரம் காயாத தரைதான் அதற்குத் தொட்டில்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் வரையாடு ‘அருகிய இனம்’. தவளை அதனினும் ஒரு படி கடுமையான ‘மிக அருகிய இனம்’. வரையாட்டுக்கு 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டத்தில் முதல் அட்டவணைக் காப்பும், தமிழ்நாட்டின் மாநில விலங்கு என்ற பெருமையும், 2022-இல் அறிவிக்கப்பட்ட 25.14 கோடி ரூபாய்த் திட்டமும் உண்டு. சங்கப் புலவர்கள் வருடை என்று பாடிய விலங்குக்கு இவை அனைத்தும் தகும். எதையும் குறைக்குமாறு நான் கேட்கவில்லை. ஆனால் தவளையின் பெயரை எங்கள் ஊரிலேயே பலர் கேட்டதில்லை.

வரையாட்டுக்கு இளம்புல் கிடைக்க இரவிகுளத்தில் திட்டமிட்டுத் தீயிடும் வழக்கம் உண்டு. ஆனைமுடி உச்சியை ஒட்டி எங்கு தீயிடுவதாயினும், அதற்கு முன் அங்கே தவளை இருக்கிறதா என்று ஆய்வாளர்களைக் கொண்டு பார்க்க வேண்டும். அடுத்த கூட்டுக் கணக்கெடுப்பை ஒட்டி, மழைக்கால இரவுகளில் தவளைகளின் குரலைப் பதிவு செய்ய ஒரு சிறு குழுவையும், மலையறிந்த முதுவர் பழங்குடியினரின் துணையோடு, உச்சிக்கு அனுப்ப வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
மூணாற்றைச் சேர்ந்த ஒருவர்