சப்டைட்டில் வராத ஒரு பதில்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். சின்னவளுக்குத் தேர்வு முடிந்துவிட்டது, இப்போது வீடு அவள் கையில்.

நான் பார்க்கச் சொன்ன 'ஒன்ஸ்' என்ற ஐரிஷ் படத்தைக் கால் மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருந்தாய். மங்கல், கேமரா ஆடுகிறது, நடிப்பு ஒட்டவில்லை. எதையும் மறுக்க மாட்டேன். பின்னால் ஒரு வங்கி அதிகாரி, கடன் கேட்டு வந்தவர்கள் முன்னால் கிட்டாரை எடுத்துப் பாடுவார். எனக்கும் அது ஒட்டவே இல்லை.

ஆனால் அது 17 நாட்களில் எடுத்த படம். டப்ளின் தெருக்களை மறித்துப் படமெடுக்க வசதியில்லாமல், தூரத்தில் நின்று நீள லென்ஸில் எடுத்தார்கள். அதனால்தானோ என்னவோ, யாரோ இரண்டு பேர் பேசிக்கொண்டு போவதை எதிர்ப்பக்கத்திலிருந்து நாமே பார்த்துவிட்டது போல இருக்கிறது. கதையின் நாயகன், நாயகி இருவருக்கும் கடைசிவரை பெயர்கூடக் கிடையாது. அவர்களாக நடித்த கிளென் ஹான்சார்டும் மார்கெட்டா இர்க்லோவாவும் அடிப்படையில் இசைக்காரர்கள். வசனத்தில் தடுமாறுகிறார்கள், சரி. இசைக்கருவிக் கடையில் அவன் தன் பாட்டைச் சொல்லிக்கொடுக்க, அவள் பியானோவில் மெல்ல மெல்லத் தொற்றிக்கொள்கிறாளே, அதை நடிப்பால் கொண்டுவர முடியாது. 2008இல் ஆஸ்கர் வாங்கியது அந்தப் பாட்டுதான்.

அப்புறம், நீ பார்க்காமல் விட்ட இன்னொரு இடம். இருவரும் பைக்கில் வெளியே போய்க் கடலைப் பார்த்து நிற்கிறார்கள். அவள் செக் நாட்டுக்காரி, பிரிந்து வாழும் கணவன் உண்டு. 'அவனை நேசிக்கிறாயா' என்பதைச் செக் மொழியில் எப்படிச் சொல்வது என்று அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதையே அவளிடம் கேட்கிறான். அவள் செக்கிலேயே பதில் சொல்கிறாள். என்ன அர்த்தம் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். நமக்கும் சப்டைட்டில் வராது. 'நான் நேசிப்பது உன்னை' என்பதுதான் அந்தப் பதில். முதல் தடவை அவனைப் போலவே எனக்கும் புரியவில்லை. பின்னால் தெரிந்ததும் அந்த இடத்தை மட்டும் மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் அவள் முகத்தை மட்டும்.

அவள் வேக்குவம் கிளீனரை நாய்க்குட்டி போல இழுத்துக்கொண்டு தெருவில் வரும் இடத்தில்தானே நிறுத்தினாய்? அங்கிருந்தே தொடங்கு, ராத்திரி தனியாக உட்கார்ந்து பார். அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்