பாடிகார்டு வேலைக்கு வரும் தம்பிகள் முதலில் கேட்க வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தனிப் பாதுகாவலர் வேலையில் நல்ல எதிர்காலம் இருக்கிறது என்று உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். மும்பை நடிகர்களின் பாடிகார்டுகள் வாங்கும் சம்பளத்தைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். ராணுவத்தில் இருந்துவிட்டு இப்போது சென்னையில் ஒரு தொழிலதிபர் குடும்பத்துக்கு பி.எஸ்.ஓ.வாக, அதாவது தனிப் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். அந்தச் சம்பளம் வாங்குகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதை நம்பி எங்கள் வேலூர் பக்கத்திலிருந்து ஜிம் பையன்கள் ஊரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கல்யாணம், கடை திறப்பு, சினிமா விழா என்று நிற்கும் பவுன்சருக்குக் கிடைப்பது நாள் கூலி. முகூர்த்த மாதங்களில் தொடர்ந்து வேலை இருக்கும், ஆடியும் மார்கழியும் வந்தால் போனே வராது. ஏஜென்சி மூலம் ஒரே குடும்பத்துடன் மாதச் சம்பளத்துக்குப் போகிறவர்களில் நான் பார்த்த பலர் 20,000-க்கும் 30,000-க்கும் நடுவில்தான் வாங்குகிறார்கள். கார் ஓட்டத் தெரிந்து, ஹிந்தியும் ஆங்கிலமும் பேசி, முதலுதவியும் தெரிந்தவருக்கு அதற்கு மேல் கிடைக்கும். சரி, 25,000 என்றே வைத்துக்கொள்வோம். முதலாளி வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே நாம் அங்கே இருக்க வேண்டும், அவர் இரவு விருந்து முடிந்து வீடு திரும்பும் வரை நம் டியூட்டி முடியாது, அதனால் 12 மணி நேரம் என்பது குறைந்தபட்சம். மாதம் 26 நாள் என்று வகுத்துப் பார்த்தால் மணிக்கு 80 ரூபாய்தான் வருகிறது.

இதைவிட முக்கியமான ஒன்று, யாரும் இந்தப் பையன்களிடம் சொல்வதில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு கிடையாது. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்கு, ஏஜென்சி ஒழுங்காகப் பணம் கட்டினால், ஆஸ்பத்திரி செலவுக்கு ஒரு வழி இருக்கிறது. அவரைவிடக் கொஞ்சம் கூட வாங்கிக்கொண்டு ஆபத்துக்கு முன்னால் போய் நிற்கிற பாடிகார்டுக்கு அது இல்லாமல் போகிறது. 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு அவருடைய பாதுகாவலரும் காவல்துறையினர் பலரும் உயிரிழந்தார்கள். அவர்கள் அரசு ஊழியர்கள், குடும்பத்தினர் போய்க் கேட்க ஓர் அரசு இருந்தது. தனியார் வேலையில் கூட்டத்தில் தள்ளப்பட்டுக் கால் உடைந்த பையன் யாரிடம் போவான்? ஏஜென்சி முதலாளியைக் காட்டும், முதலாளி ஏஜென்சியைக் காட்டுவார். அதனால் சம்பளம் பேசும்போதே விபத்துக் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் உண்டா, பிரீமியம் யார் கட்டுவது என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். இல்லை என்றால் எவ்வளவு பெரிய ஆள் வீடாக இருந்தாலும் சேராதீர்கள்.

என்னைப் போன்ற முன்னாள் படைவீரர்கள் குறைந்த சம்பளத்துக்கு ஒப்புக்கொள்கிறார்கள் என்றால் எங்களுக்குப் பென்ஷன் வருகிறது, குடும்பத்துக்கு முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் இருக்கிறது. அதையே அளவாக வைத்து 22 வயதுப் பையனுக்கும் சம்பளம் பேசுவது பெரிய அநியாயம். நாற்பது வயதில் உடம்பு தளர்ந்த பிறகு அவன் கையில் என்ன இருக்கும்?

அப்புறம் பயிற்சி. தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம் 2005-ல் வந்தது. அதன் மாதிரி விதிகள் வகுப்பறையில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம் பயிற்சி வேண்டும் என்கின்றன. பணம் கட்டினால் ஒரே நாளில் சான்றிதழ் தருகிறோம் என்று சொல்லும் இடங்களும் இருக்கின்றன, அங்கே போகாதீர்கள். இந்த வேலையில் புஜபலம் தேவைப்படும் நேரம் மிகக் குறைவு. எந்த வழியாகப் போவது, வண்டியை எங்கே நிறுத்துவது, மண்டபத்தில் எந்தக் கதவு உள்பக்கம் பூட்டியிருக்கிறது, பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி என்று முன்கூட்டியே போய்ப் பார்த்து வைப்பதுதான் பாதி வேலை. கை ஓங்குகிற நிலைமை வந்துவிட்டால் முன்னால் எங்கோ கவனிக்காமல் விட்டிருக்கிறோம் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

பெண்களுக்கு இதில் நல்ல வாய்ப்பு இருக்கிறது, அதை உங்கள் கட்டுரை ஒரு வரியில் தாண்டிவிட்டது. பெண் தொழிலதிபர்கள், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், வயதான அம்மாக்கள் என்று கேட்கிறவர்கள் நிறைய, பயிற்சி பெற்ற பெண்கள் குறைவு. என்.சி.சி.யில் இருந்தவர்களும் விளையாட்டு வீராங்கனைகளும் தைரியமாக வரலாம். துபாய் போக நினைக்கிறவர்கள், அங்கே பாதுகாப்பு வேலைகளை ஒழுங்குபடுத்தும் சிரா என்ற அரசு அமைப்பின் பயிற்சியும் உரிமமும் இல்லாமல் பாதுகாப்பு வேலையில் நிற்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு, வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜெண்ட் மூலம் மட்டும் போகவும்.

ஏஜென்சி தன் உரிமத்தை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வைக்க வேண்டும் என்பது நான் மேலே சொன்ன 2005 சட்டத்திலேயே இருக்கிறது. உள்ளே போனதும் சுவரைப் பாருங்கள், காணவில்லை என்றால் கேளுங்கள். அடுத்த முறை இந்த வேலை பற்றி எழுதும்போது நடிகர்களின் பாடிகார்டு சம்பளத்துக்குக் கொடுத்த இடத்தில் இந்த விவரங்களையும் போடும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவ வீரர்,
வேலூர் மாவட்டம்