யானையின் பின்னங்காலை ஆட்டியவர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு நகரை அண்டிய பாடசாலையொன்றில் கடந்த மாதம் இடம்பெற்ற பாவைக்கூத்து பற்றித் தங்கள் பத்திரிகையின் பிரதேசச் செய்திப் பக்கத்தில் படத்துடன் வெளியான செய்தியை வாசித்தேன். பாடசாலை மட்டத்துக் கலை நிகழ்வு ஒன்றுக்கு அவ்வளவு இடம் ஒதுக்கியமைக்கு முதலில் நன்றி கூறுகிறேன். ஆயினும், தொழில்முறைக் கலைஞர் ஒருவரின் பொம்மலாட்டம் 'மாணவர்களுக்குக் காண்பிக்கப்பட்டது' என்று அச்செய்தி கூறுவது சரியன்று. அது மாணவர்களுக்குக் காண்பிக்கப்பட்டதல்ல, மாணவர்கள் செய்தது. செய்தியுடன் வந்த படத்திலும் அதிதிகள் இருக்கிறார்கள், பொன்னாடை இருக்கிறது, கலைஞர் ஓரமாகக் கூச்சத்துடன் நிற்கிறார். பாவையையும் காணவில்லை, பாவையை ஆட்டிய பிள்ளைகளில் ஒருவரையும் காணவில்லை. இத்திருத்தத்தை இரண்டு வரியில் எழுதியிருக்கலாம். ஆனால் அங்கு நடந்தது என்னவென்று சொல்லாமல் பிழையை மட்டும் சுட்டிக்காட்டுவது நியாயமாகாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் சித்திரபாட ஆசிரியையாகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவள். தரம் 10, 11 வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேர் எட்டு வாரங்களாகச் சனிக்கிழமை தோறும் அக்கலைஞருடன் சேர்ந்து உழைத்தபோது, கோதுமை மாப்பசை காய்ச்சும் வேலையை எனக்குத் தந்திருந்தார்கள். பூச்சி அரிக்காமல் பசையில் சிறிது மயில்துத்தம் கலக்கும் பழைய வழக்கம் எனக்குத் தெரிந்திருந்தது. அதைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் நானே கலந்தேன். பாவைகளின் தலைகள் யாவும் பழைய பத்திரிகைத் தாளை ஊறவைத்து அரைத்த கூழால் ஆனவை. தங்கள் ஞாயிறு இதழ்களே அதிகம் கிழிபட்டன என்பதையும், எங்கள் கதையில் காவற்பரணில் உறங்கும் கிழவன் பாவையின் தலைக்குள் தங்கள் ஆசிரியர் தலையங்கங்கள் பல அடங்கியிருக்கின்றன என்பதையும் குறையாகச் சொல்லவில்லை.

கதையைத் தெரிவுசெய்த நாளிலிருந்தே இது யாருடைய ஆக்கம் என்பது துலங்கத் தொடங்கியது. கலைஞர் ஒரு கதையும் சில வரைபடங்களும் கொண்டு வந்திருந்தார். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கும் பையன் ஒருவன், "சேர், யானை எங்கட வளவுக்க வந்த கத இருக்கு, அதச் செய்வமா?" என்று கேட்டான். பெரும்போக வேளாண்மை விளையும் காலத்தில் வயலுக்கு வரும் யானை, அறுவடைக்குப் பின் வீட்டில் அடுக்கிய நெல் மூடைகளைத் தேடிச் சுவரை இடித்துக்கொண்டு வருவது அப்பக்கத்து மக்களுக்குப் புதினமல்ல. கலைஞர் உடனே ஒத்துக்கொண்டு, அடுத்த வாரம் பெரிய கண்களும் சிரித்த வாயுமாக ஓர் அழகான யானையை வரைந்து வந்தார். தொலைக்காட்சியில் சிறுவர் பார்க்கும் யானை அது. எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் பையன் மட்டும் படத்தைப் பார்த்துவிட்டு, "யானை சிரிக்காது சேர். அது வந்தா நாங்க மூச்சும் விடமாட்டம்" என்றான். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இத்தொழிலில் இருக்கும் அம்மனிதர் ஒரு சொல்லும் சொல்லாமல் படத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, பென்சிலை அவனிடம் நீட்டினார். அவன் வரைந்த யானைக்குக் கண் மிகச் சிறியது, வாய் தெரியவேயில்லை. அதுவே ஆடுகளமான களரிக்கு வந்தது.

கன்றளவு உயரமான அந்த யானையைப் பிரம்பாலும் பழைய சேலைத் துணியாலும் அமைத்தார்கள். மூட்டுகளுக்குச் சைக்கிள் ரியூப்பை வெட்டிப் பயன்படுத்தினார்கள். அதை ஆட்டுவதற்கு மூவர் தேவைப்பட்டனர். ஜப்பானின் புன்ராக்கு பாவையாட்டத்தில் ஒரே பாவையை மூவர் இயக்குவதையும், தலையையும் வலக்கையையும் முதல்வரும், இடக்கையை இரண்டாமவரும், கால்களை மூன்றாமவரும் ஏற்று நடத்துவதையும் கலைஞர் விளக்கியபோது, யார் தலை என்பதில் உடனே போட்டி எழுந்தது. பின்னங்காலுக்கு எவரும் வரவில்லை. பின்னங்காலுக்குள் நிற்பவருக்குச் சபை தெரியாது. முன்னால் நிற்பவரின் குதிக்காலும் சேலையின் உட்புறமும் மட்டுமே தெரியும். முதல் இரண்டு வாரங்கள் யானை தன் காலில் தானே இடறி விழுந்தது. எண்ணிக்கை சொல்லிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. கடைசியில், மூவரும் ஒன்றாக மூச்சை இழுத்து, விடும்போது அடியெடுத்து வைப்பதென்று அவர்களே கண்டுகொண்டனர். அதன்பின் யானை விழவில்லை. கலைஞர் இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று நான் சற்றுக் கோபமாகவே கேட்டேன். "சொல்லியிருந்தால் செய்திருப்பார்கள் ரீச்சர், தெரிந்திருக்காது" என்றார்.

இலங்கையில் பாவைக்கூத்து என்றதும் அம்பலாங்கொடைப் பக்கத்து 'ரூகட' நூற்பாவை நாடகமே நினைவுக்கு வரும். கம்வாரிப் பரம்பரையினர் பேணிவந்த அக்கலையை 2018 ஆம் ஆண்டு யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அங்கே ஆட்டுபவர் திரைக்குப் பின்னால் மறைந்திருப்பார். சபை ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். நமது பிள்ளைகளோ வட்டக்களரியைச் சுற்றிச் சனம் இருந்து கூத்துப் பார்க்கும் ஊரைச் சேர்ந்தவர்கள். திரை எங்கே கட்டுவது என்ற பேச்சு வந்தபோது, அது வேண்டாம், நாங்களும் தெரியட்டும் என்று முடிவெடுத்தது அவர்களே. ஆட்டுபவர்கள் கறுப்பு உடையில் களரியிலேயே நின்றார்கள். சிறிது நேரம் சென்றதும் அவர்கள் நிற்பதைச் சபை மறந்துவிட்டது.

வட்டக்களரி என்றானபின் மத்தளமும் சல்லரித் தாளமும் வராமல் இருக்குமா? கூத்துப் பழக்கும் அயலூர் அண்ணாவியார் ஒருவரை அழைத்தோம். எழுபது வயதைக் கடந்தவர், பழைய முறைகளில் இம்மியும் விட்டுக்கொடுக்காதவர். கூத்தில் ஒவ்வொரு பாத்திரமும் களரிக்குள் நுழைவதற்கு வரவு என்று ஒன்று உண்டு, எனவே யானைக்கும் வரவுப்பாட்டும் வரவுத்தாளமும் வேண்டும் என்றார். அப்பையன் மறுபடியும் மறுப்பாகத் தலையசைத்தான்: யானை வரும்போது சத்தமே இருக்காதே. ஒரு சனிக்கிழமை முழுவதும் இந்த வாதத்திலேயே கழிந்தது. ஒரு பக்கம் அண்ணாவியார், மறுபக்கம் பதினைந்து வயதுப் பையன், நடுவில் தொழில்முறைக் கலைஞர். அவர் தீர்ப்புச் சொல்ல மறுத்துவிட்டார். மாலையில் அண்ணாவியாரே ஒரு வழி கண்டார். கிழவனின் வரவுக்கு முழங்கிக்கொண்டிருக்கும் மத்தளத்தைச் சட்டென நிறுத்திவிட்டு, அந்த நிசப்தத்தில் ஒரேயொரு சதங்கை மணியை மட்டும் ஒலிக்கவிட்டார். அரங்கேற்றத்தன்று அந்த இடம் வந்தபோது, என் அருகில் இருந்த தாயொருத்தி மடியிலிருந்த பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். யானை இன்னும் களரிக்குள் வந்திருக்கவில்லை.

கிழவன் நூற்பாவை. தலைக்கு இரண்டு, கைகளுக்கு இரண்டு, முழங்கால்களுக்கு இரண்டு, முதுகுக்கு ஒன்று என ஏழு நூல்கள். முதலில் மீன்பிடிக்கும் தங்கூசி நூலைக் கட்டினார்கள். கடற்கரைப் பிள்ளைகளின் வீடுகளில் அதற்குப் பஞ்சமில்லை. மின்விளக்கைப் போட்டதும் ஏழு நூலும் பளபளத்தன, அத்துடன் சுருளிலிருந்த வளைவு நிமிராமல் கை தானாகவே மேலெழுந்தது. அதைக் கழற்றிவிட்டுக் கறுப்புப் பின்னல் நூலுக்கு மாறினார்கள். கால்கள் நிலத்தில் பதியாமல் மிதந்ததற்கும் மீனவர் வீட்டுப் பிள்ளையே மருந்து சொன்னான்: வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயக்குண்டுகளைத் துணியில் பொதிந்து பாதத்துக்குள் தைத்துவிட்டான். பாரம் இறங்கியதும் கிழவனுக்கு உண்மையாகவே வயதேறிவிட்டது. நூல்கள் சிக்கிக்கொண்ட வேளைகளிலும் மற்றவர்கள் பதறியிழுக்க, அவன் மட்டும் தகப்பன் வலையில் சிக்கெடுப்பதைப் பார்த்துப் பழகிய பொறுமையுடன் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தான். இப்பிள்ளை வகுப்பில் கடைசி வாங்கில் இருப்பவன் என்று பிறகு அறிந்தேன்.

'நாணகத் தில்லார் இயக்கம் மரப்பாவை நாணால் உயிர்மருட்டி அற்று' என்ற 1020 ஆவது குறளை நான் எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். நாணமில்லாதவரின் நடமாட்டம் கயிற்றால் ஆடும் மரப்பாவைக்கு ஒப்பானது என்பது வள்ளுவர் வைக்கும் குற்றச்சாட்டு. இங்கே நான் கண்டது அதன் மறுதலை. நாணம் மிகுந்து, வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூடக் குரல் வெளிவராத ஒரு பெண்பிள்ளை, கிழவனின் நூல்களைக் கையில் பிடித்ததும் அவனுடைய குரலில் பேரப்பிள்ளைகளை அதட்டினாள். தாயார் சபையில் இருந்தார். மகளின் குரல் என்று அவருக்குப் பக்கத்திலிருந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்தது.

இவ்வளவையும் சொல்வது கலைஞரின் பங்கைக் குறைப்பதற்காக அல்ல. அவர் இல்லாவிட்டால் ஒரு பாவையும் எழுந்து நின்றிருக்காது. கழுத்துத் துவாரம் எங்கே வரவேண்டும், நூலின் நீளம் என்ன, குறுக்குக் கட்டையை எவ்வளவு சரித்தால் தலை குனியும் என்பன அவருடைய கைவழி வந்தவை. கையை நீட்ட வேண்டிய இடமும் மடக்கிக்கொள்ள வேண்டிய இடமும் அறிந்திருந்தார் என்பதே அவருடைய தேர்ச்சி. போட்டிக்கு மூன்று நாட்கள் இருக்கையில் வெளியிலிருந்து ஒருவரை அழைத்து, எல்லாவற்றையும் அவரைக் கொண்டே செய்வித்து, பிள்ளைகளை மேடையில் நிறுத்திப் பரிசு வாங்கும் வழக்கத்தை நான் சேவையிலிருந்த காலத்திலும் கண்டிருக்கிறேன். வெட்கத்துடன் சொல்வதானால், ஓரிரு தடவை நானும் செய்திருக்கிறேன்.

சட்டம் கொடுத்தல், கிழமைக்கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அதன்பின் அரங்கேற்றம் என்று படிப்படியாக மாதக்கணக்கில் ஒரு கூத்தை வளர்த்தெடுத்த ஊர் இது. அப்படியான ஊரில் ஒரு பாவைக்கூத்துக்கு எட்டுச் சனிக்கிழமைகள் அதிகம் என்று சிலர் முறையிட்டார்கள். சாதாரண தரப் பரீட்சை வருகிறதென்று இருவரை இடையிலேயே டியூசன் வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் செய்த பாவையை இன்னொருவர் ஆட்ட நேர்ந்தது. நாடகமும் அரங்கியலும் பரீட்சைக்குரிய பாடமாக உள்ள நாட்டில், நாடகம் செய்வதைப் பொழுதுபோக்கு என்று பெற்றோர் கருதுவதற்கு அவர்களை மட்டும் குறை கூறவும் முடியவில்லை. கலைஞருக்குரிய வேதனத்தைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் வழங்க முன்வந்தது நல்ல முன்மாதிரி. 'கலைச்சேவை' என்ற சொல்லைச் சொல்லி அவரை வெறுங்கையுடன் அனுப்பியிருந்தால், அடுத்த தவணைக்கு அவரை அழைக்க எவருக்கும் முகமிருந்திராது.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. 'தரம் 10, 11 மாணவர்களும் கலைஞரும் இணைந்து ஆக்கிய பாவைக்கூத்து' என்று ஒரு திருத்தக் குறிப்பைத் தயவுசெய்து வெளியிடுங்கள். பெரும்போக அறுவடை முடிந்ததும் இதே ஆற்றுகையை அப்பையனின் ஊரிலேயே, வெட்டிய வயலில் களரி அமைத்து மீண்டும் செய்யப் பிள்ளைகள் ஆயத்தமாகிறார்கள். திகதி நிச்சயமானதும் அறியத்தருவேன். படம் எடுக்க வருபவர் முன்வரிசைக் கதிரைகளுக்கு அருகில் நிற்காமல், யானை களரியை விட்டு வெளியேறும் பக்கத்தில் நின்றால், சேலையைத் தூக்கிக்கொண்டு வியர்த்து வழிய வெளியே வரும் பின்னங்கால்காரரின் முகம் கிடைக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சித்திரபாட ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.