ஹாங்காங்குக்கு நாற்காலியே போடவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

1997-ல் ஹாங்காங் பிரிட்டனிடமிருந்து சீனாவிடம் கைமாறியது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஹாங்காங் தேர்தல்கள் பற்றி பிரிட்டனும் சீனாவும் நடத்திய 1993 பேச்சுவார்த்தை முறிந்ததற்கு, கடைசி பிரிட்டிஷ் ஆளுநர் கிறிஸ் பேட்டனின் பிடிவாதம்தான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஊர்க்காரர்களை வெளியே நிறுத்திவிட்டு அவர்களுடைய ஓட்டைப் பற்றி இரண்டு அரசுகள் உள்ளே உட்கார்ந்து பேசினவே, கோளாறு அங்கேதான் ஆரம்பம்.

பேட்டன் வருவதற்கு முன்பே நடந்த ஒன்றைக் கட்டுரை தொடவே இல்லை. 1990 ஜனவரி, பிப்ரவரியில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்டுக்கும் சீன அமைச்சர் சியான் சிச்சென்னுக்கும் இடையே ரகசியமாக 7 கடிதங்கள் போய் வந்தன. 60 பேர் கொண்ட சட்டசபையில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் இடங்கள் 1991-ல் 18, 1997-ல் 20 என்ற கணக்கு அந்தக் கடிதங்களில் பேரம் பேசி வந்ததுதான். 1991-ல் வரிசையில் நின்று, சட்டசபைக்கு முதல்முறையாக நேரடியாக ஓட்டுப் போட்டவருக்கு 18 இடம் என்று தெரியும்; ஏன் 18 என்று தெரியாது. கடிதங்கள் வெளியானது 1992 அக்டோபரில்தான். இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அப்புறம்தான் பெய்ஜிங்கில் 1993 ஏப்ரல் முதல் நவம்பர் வரை 17 சுற்றுப் பேச்சு. ஓட்டு வயதை 21-லிருந்து 18 ஆக்குவது, மாவட்ட, நகர சபைகளில் நியமன உறுப்பினர்களை எடுத்துவிடுவது, புதிய 9 தொழில்வாரித் தொகுதிகளில் (ஊர்வாரியாக இல்லாமல் தொழில்வாரியாக உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தொகுதிகள்) வேலை செய்யும் எல்லோருக்கும் ஓட்டு என்பதெல்லாம் பேட்டன் கேட்டது. ஒன்றரை நூற்றாண்டு ஆண்டபோது கொடுக்காததைக் கிளம்பும் நேரத்தில் ஏன் கொடுக்கிறீர்கள் என்று சீனா கேட்டதிலும் நியாயம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஹாங்காங்கும் ஒரு தரப்பாக உட்காரட்டும் என்ற பேச்சு வந்தபோதெல்லாம், மூன்று கால் முக்காலி கிடையாது என்று மறுத்ததும் சீனாதான். பிரிட்டனும் அதற்கு ஒத்துப்போனது.

1995-ல் தேர்வாகிறவர்கள் இறங்காமல் 1999 வரை பதவியில் தொடரலாம் என்ற ஏற்பாட்டுக்கு 'நேர் ரயில்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பேச்சு முறிந்ததும் அந்த ரயிலும் நின்றது. 1995 செப்டம்பரில் நேரடித் தொகுதிகளில் மட்டும் 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓட்டுப் போட்டார்கள். 1996 டிசம்பரிலோ எல்லைக்கு அந்தப் பக்கம், ஷென்செனில், சீனத் தரப்பு அமைத்த தேர்வுக் குழுவின் 400 பேர் கூடி, பழைய சட்டசபைக்குப் பதிலாக வரவிருந்த தற்காலிக சபைக்கு 60 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் 1995-ல் மக்களிடம் தோற்றவர்களும் இருந்தார்கள். 1997 ஜூலை 1 அன்று அந்த 9 லட்சம் பேர் தேர்ந்தெடுத்தவர்களின் பதவி போனது.

அடுத்த இதழில் இது பற்றி மறுபடி எழுதுவதாக இருந்தால், அந்த 7 கடிதங்களையும் தமிழில் முழுசாகப் போடுங்கள். வாசகர்களே படித்து முடிவு செய்துகொள்வார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்