சனிக்கிழமை ஆய்வகத்தைத் திறந்துவிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

11 வயதாகும் என் மகள் வீட்டிலேயேதான் படிக்கிறாள். 14 வயது நிரம்பியதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வைக்கலாம் என்று இருக்கிறோம். தமிழும் கணக்கும் சமாளித்துவிடலாம், அறிவியலைக் கையால் செய்து பார்த்தால்தான் மனதில் நிற்கிறது.

போன மாதம் சென்னை ரிச்சி தெருவில் மின்சுற்று அமைத்துப் பார்க்கும் பிரெட்போர்டு, எல்.இ.டி. விளக்கு, மின்னோட்டத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் எல்லாம் வாங்கி வந்தோம். முதல் எல்.இ.டி.யை 9 வோல்ட் பேட்டரியில் நேரடியாக மாட்டிக் கருக்கிவிட்டாள். அப்புறம் அவளே உட்கார்ந்து, 9-இல் சிவப்பு விளக்கு எடுத்துக்கொள்ளும் 2 வோல்ட்டைக் கழித்து, மீதி 7-ஐ ரெசிஸ்டரின் 470 ஓமால் வகுத்து, ஏறக்குறைய 15 மில்லி ஆம்பியர் ஓடும் என்று நோட்டில் எழுதி, மின்னோட்டத்தை அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது கிட்டத்தட்ட அதே எண் வந்ததும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சரி, மின்சுற்றை வீட்டு மேசையில் செய்துவிடலாம். மைக்ரோஸ்கோப்புக்கும் அமிலச் சோதனைக்கும் எங்கே போவது? வீட்டில் அமிலம் வைத்திருக்கவே பயமாக இருக்கிறது. அரசுப் பள்ளி ஆய்வகங்களைச் சனிக்கிழமை 2 மணி நேரமாவது, ஓர் ஆசிரியர் மேற்பார்வையில், வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கும் திறந்துவிடலாம். நியாயமான கட்டணம் கட்டத் தயாராக இருக்கிறோம்.

— ஒரு தாய், சென்னை