பதில் வரும் என்று காத்திருக்க வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கலிஃபோர்னியாவில் வாடகைக்காரர்களைக் காலி செய்யச் சொல்லித் தொடரும் வழக்குகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நோட்டீஸ், பதில் மனு, விசாரணை எல்லாம் இருந்தன. விசாரணைக்கு முன் எதிர்த்தரப்பிடம் கேள்வி கேட்டும் ஆவணம் கேட்டும் தகவல் பெறும் ‘டிஸ்கவரி’ மட்டும் ஒரே வரியில் முடிந்துவிட்டது. என் வழக்கு திரும்பியது அந்த இடத்தில்தான்.

வாடகை பாக்கி என்று வீட்டுக்காரர் மூன்று நாள் நோட்டீஸ் கொடுத்தார். தொகை எனக்குச் சரியாகப் படவில்லை. வக்கீல் வைக்க வசதியில்லை. அதனால் நானே கேள்விகளை எழுதி, வாடகைக் கணக்கையும் கேட்டு, வழக்கில் சம்பந்தமில்லாத நண்பர் ஒருவர் மூலம் வீட்டுக்காரருடைய வக்கீலிடம் நேரில் சேர்த்தேன். மற்ற சிவில் வழக்குகளில் இதற்குப் பதில் தர 30 நாள். இந்த வழக்கில் 5 நாள்தான். ஐந்தும் போனது, ஒரு தாள்கூட வரவில்லை.

நான் செய்த தவறு, அதற்கு அப்புறமும் நான்கு நாள் அந்த வக்கீல் அலுவலகத்துக்குப் போன் செய்துகொண்டே இருந்தது. விசாரணை கேட்டு மனு போட்டால் 20 நாளுக்குள் விசாரணையே வந்துவிடும். டிஸ்கவரியோ விசாரணைக்கு 5 நாள் முன்பே மூடிவிடும். அந்த அவசரத்தில் நான்கு நாளை வீணாக்கினேன்.

நீதிமன்றத்தின் சுயஉதவி மையத்தில்தான் விஷயம் புரிந்தது. பதிலே வராதபோது, எதிர்த்தரப்புடன் பேசிப் பார்த்தேன் என்று காட்ட வேண்டியதில்லை. பதில் தர உத்தரவிடக் கோரும் மனுவை 5 நாள் முன்னறிவிப்பு கொடுத்துப் போடலாம். கெடுவைத் தவறவிட்டவர் ஆட்சேபம் சொல்லும் உரிமையையும் இழக்கிறார். அரைகுறைப் பதில் வந்தால் வேறு வழி: முதலில் பேசிப் பார்க்க வேண்டும், எந்தப் பதில் ஏன் போதாது என்று கேள்வி வாரியாக எழுதிக் காட்டவும் வேண்டும்.

நீதிபதி உத்தரவிட்ட பிறகு கணக்கு வந்தது. தாமதக் கட்டணங்களையும் வாடகையோடு சேர்த்து நோட்டீஸில் கேட்டிருந்தார்கள். பாக்கி வாடகையைவிட அதிகம் கேட்கும் நோட்டீஸ் இங்கே குடியிருப்பு வழக்கில் நிற்காது. வீட்டுக்காரர் வழக்கை வாபஸ் வாங்கினார். அந்தக் கணக்கு கைக்கு வராமல் விசாரணைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் பயமாக இருக்கிறது.

டிஸ்கவரிக்கென்று தனிக் கட்டுரை ஒன்று போடுங்கள். அதில் இதையும் சொல்லுங்கள்: 2025 ஜனவரி முதல், வழக்குக்கு வாடகைக்காரர் போடும் பதில் மனுவுக்கு 10 நீதிமன்ற வேலை நாள் கிடைக்கிறது. டிஸ்கவரிக்கான 5 நாள் அப்படியேதான் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கலிஃபோர்னியா